சம்ப்பிலே புதுத் தண்ணி, குழாயிலே பழைய தண்ணி

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ரிவர்ஸ் எடுக்கிற சத்தத்திலேயே பாதிக் காட்டுப்பாக்கம் எழுந்துவிடும். போன மே மாதத்தில் ஒரு நாள் காலை ஆறு மணி இருக்கும். கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மா சம்ப் மூடியைத் திறந்து வைத்து, "இதுலதான் விடணும், 12,000 லிட்டர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இட்லி ஊற்ற ஆரம்பித்துவிட்டார். லாரிக்காரர் குழாயை இறக்கிவிட்டு வண்டி நிழலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஹாரன். வேலை முடிந்தது.

முதல் மாடியில் நான் ஆசையாகக் குழாயைத் திறந்தேன். அதே மஞ்சள் நிற போர் தண்ணீர்தான் வந்தது.

"ஆன்ட்டி, லாரித் தண்ணி வரலையே?"

"எப்படிம்மா வரும்? சம்ப்புலதான் புதுத் தண்ணி இருக்கு. மாடி டேங்க்ல நேத்து ஏத்துனது அப்படியே கிடக்கு. அதைத் தொறந்து விட்டுட்டு மோட்டார் போட்டாத்தான் உனக்குப் புதுசு வரும்."

பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு அப்படியே நின்றேன். மூன்று வாரமாக ஆபீஸில் நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த சிக்கலின் நுனியை அந்த அம்மா, இட்லிக் கரண்டியோடு நின்று என் கையில் கொடுத்துவிட்டார்!

லினக்ஸ் கெர்னலில் எனக்கு உயிரான பகுதி எது என்று யார் கேட்டாலும் அன்றிலிருந்து ஒரே பதில்தான்: டிஎம்ஏ. ஒரு கருவி சிபியுவின் கையை எதிர்பார்க்காமல் நேரே நினைவகத்தில் எழுதவும் படிக்கவும் செய்கிற ஏற்பாடு. அதைக் கெர்னல் எவ்வளவு அழகாகக் கட்டி மேய்க்கிறது என்பதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. காட்டுப்பாக்கத்திலிருந்து வானகரம், அயனம்பாக்கம் வழியாக ஸ்கூட்டியில் போய் வருகிறேன். மோட்டார், பம்ப், கம்ப்ரஸர் போன்றவற்றின் அதிர்வை அளந்து, பேரிங் தேய ஆரம்பித்துவிட்டதா என்று முன்கூட்டியே சொல்லும் பெட்டி ஒன்றைச் செய்கிறோம். உள்ளே இருப்பது ரிச்சி தெருவில் வாங்கிய பீகிள்போன் பிளாக் போர்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்335எக்ஸ் சிப், 512 எம்பி நினைவகம், அதன் மேல் லினக்ஸ். சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி சிப் எஸ்பிஐ கம்பிகள் வழியாகப் போர்டோடு பேசும். ஒரு சாம்பிளுக்கு 2 பைட். அந்த ஏடிசிக்கு டிரைவர் எழுதியது நான்.

முதலில் ஒரு தடவைக்கு 64 சாம்பிளாகப் படித்தேன். எண்கள் சுத்தமாக வந்தன. ஆனால் சிபியுவுக்கு மூச்சுவிட நேரமில்லை. கூட வேலை பார்க்கும் சீனியர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "64 எதுக்கும்மா? மொத்தமா 512 படிச்சுப் பாரு, லோடு இறங்கிடும்" என்றார். சொன்னபடியே இறங்கியது. கூடவே கிராஃபில் ஒரு பல் முளைத்தது. ஒவ்வொரு தொகுப்பின் தொடக்கத்திலும் அலை படக்கென்று உடைந்து, கொஞ்ச தூரம் போய், மறுபடி சேர்ந்துகொள்ளும். எப்போதும் இல்லை, சில நேரம்தான். அந்த உடைப்பை அதிர்வு என்று நினைத்துக்கொண்டு, புத்தம் புதுப் பேரிங் போட்ட மோட்டாரைப் பார்த்துப் பெட்டி "பேரிங் போச்சு" என்றது.

வயரை மாற்றினேன். எர்த்திங் பார்த்தேன். ஏடிசி சிப்பையே கழற்றி வேறு வைத்தேன். பல் மட்டும் விழவில்லை. உடைந்த இடத்தை எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் தொகுப்பின் முதல் 28 சாம்பிள்தான் கெட்டிருந்தது. 27 இல்லை, 29 இல்லை. 28! அதிலும் அவை குப்பை எண்கள்கூட இல்லை. முந்தைய தொகுப்பின் முதல் 28 எண்கள், ஒன்றுகூட மாறாமல் அப்படியே.

பழைய தண்ணீர்!

சிபியு தானே உட்கார்ந்து ஒவ்வொரு பைட்டாகக் கருவியிடமிருந்து வாங்கி நினைவகத்தில் வைப்பது, லாரியிலிருந்து குடம் குடமாகப் பிடித்துக்கொண்டு போய்ச் சம்ப்பில் ஊற்றுவது மாதிரி. நாலு குடம் என்றால் பரவாயில்லை. ஒரு கிகாபிட் நெட்வொர்க் கம்பியில் முழு அளவுப் பாக்கெட்டுகள் நிரம்பி வந்தால் வினாடிக்கு ஏறக்குறைய 81,000 பாக்கெட். குடம் தூக்கியே சிபியுவின் இடுப்பு ஒடிந்துபோகும். ஆகவே, "இந்த இடத்தில், இவ்வளவு இறக்கு" என்று சொல்லிவிட்டுச் சிபியு தன் வேலையைப் பார்க்கப் போகிறது. கருவியோ, அதற்கென்று இருக்கும் டிஎம்ஏ கன்ட்ரோலரோ நேரே நினைவகத்தில் இறக்குகிறது. முடிந்ததும் ஒரு ஹாரன், அதுதான் இன்டரப்ட். என் பீகிள்போன் சிப்புக்குள் ஈடிஎம்ஏ என்ற கன்ட்ரோலர் இருக்கிறது, 64 சேனலோடு. அந்தச் சிப்பின் எஸ்பிஐ டிரைவர் 160 பைட்டுக்குக் குறைவாக இருந்தால் குடத்தால் ஊற்றும், அதற்கு மேல் போனால்தான் லாரியைக் கூப்பிடும். 64 சாம்பிள் என்றால் 128 பைட், குடம். 512 சாம்பிள் என்றால் 1,024 பைட், லாரி. பல் ஏன் 512-க்கு மாறிய அன்றைக்கு முளைத்தது என்பது அந்தக் காலையில்தான் எனக்கு விளங்கியது.

மாடி டேங்க் என்பது கேஷ் மெமரி. சிபியு ஒவ்வொன்றுக்கும் நினைவகம் வரை இறங்கிப் போவதில்லை. அடிக்கடி தொடுவதைத் தன் பக்கத்திலேயே நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். லாரி சம்ப்பில் இறக்கியது மாடி டேங்குக்குத் தெரியாது. நாம் பயன்படுத்தும் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் வன்பொருளே இதைக் கவனித்து டேங்கையும் சம்ப்பையும் ஒத்துப்போக வைத்துவிடுகிறது. நம் ஊரில் பெட்டி பெட்டியாக விற்கும் பல சின்ன ஏஆர்எம் சிப்களில் அந்த வசதி கிடையாது. அங்கே யாராவது டேங்கைத் திறந்துவிட வேண்டும், யாராவது மோட்டார் போட வேண்டும். அந்த யாராவது கெர்னல்தான்.

இதைச் செய்யக் கெர்னல் வைத்திருக்கும் முறையைத்தான் நான் இங்கே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வந்தேன். டிரைவர் எழுதுகிறவரை அது கேஷைப் பற்றிக் கேட்பதே இல்லை. "இந்த நினைவகத் துண்டு இப்போது யார் கையில் இருக்கிறது?" என்பது மட்டும்தான் அதன் கேள்வி. டிஎம்ஏ_மேப்_சிங்கிள் என்று அழைத்தால் துண்டைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டீர்கள் என்று பொருள். அதற்குப் பிறகு தொடக்கூடாது. டிஎம்ஏ_அன்மேப்_சிங்கிள் என்று அழைத்தால் திரும்ப உங்கள் கைக்கு வந்துவிட்டது. நடுவில் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டுமா? "சிபியுவுக்காக ஒத்திசை" என்று ஒரு அழைப்பு, பார்த்து முடித்ததும் "கருவிக்காக ஒத்திசை" என்று இன்னொன்று. தரவு எந்தத் திசையில் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும்: கருவிக்கா, கருவியிலிருந்தா, இரண்டுமா. திசை தெரிந்தால்தான் கேஷில் இருப்பதை நினைவகத்துக்கு எழுத வேண்டுமா, தூக்கிப் போட வேண்டுமா என்று கெர்னலுக்குத் தெரியும்.

இதே டிரைவரை இன்டெல் கணினியில் போட்டால் இந்த அழைப்புகள் பெரும்பாலும் ஒன்றுமே செய்யாமல் கரைந்துபோகும். பீகிள்போனில் போட்டால் கேஷ் வரிகளைத் துடைக்கும். பெரிய சர்வரில் போட்டால் முகவரி அட்டவணைகளை எழுதும். டிரைவரில் ஒரு எழுத்து மாறாது. கெர்னலுக்குள் எத்தனையோ சாமர்த்தியங்கள் இருக்கின்றன. இதற்கு ஈடாக ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, கெர்னல் இவ்வளவு பொறுப்பாக இருந்தும் எனக்கு ஏன் பல் முளைத்தது?

கேஷ் மெமரி பைட் பைட்டாக வேலை செய்வதில்லை, வரி வரியாகச் செய்யும். என் சிப்பில் ஒரு வரி 64 பைட். நான் என் டிரைவரின் ஸ்ட்ரக்ட்டில் முதலில் ஒரு நேரமுத்திரையை வைத்திருந்தேன், 8 பைட். அதை ஒட்டியே சாம்பிள் பஃபர். இப்போது கணக்குப் போடுங்கள். 64-இல் 8 போனால் 56. ஒரு சாம்பிளுக்கு 2 பைட் என்றால் 28!

அன்று வானகரம் சிக்னலில் ஸ்கூட்டியை நிறுத்தி இந்தக் கணக்கை மனதில் போட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். தெருவில் சீட்டு நடத்துகிற ஒருவர் கணக்கு நோட்டை மேஜைமேல் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். ஒரே பக்கத்தில் மேல் வரி உங்களுடையது, மற்ற வரிகள் வேறொருவருடையவை. நீங்கள் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் உங்கள் வரியைத் திருத்துகிறீர்கள். அதற்குள் மற்றவர் வந்து நோட்டில் நேரடியாகத் தன் வரிகளை எழுதிவிட்டுப் போகிறார். நீங்கள் திரும்பி வந்து உங்கள் ஜெராக்ஸை அந்தப் பக்கத்தின் மேலேயே ஒட்டுகிறீர்கள். உங்கள் வரி சரியாக இருக்கும். அவர் எழுதியது போயே போச்சு, அந்த இடத்தில் பழைய கணக்கு நிற்கும். என் டிரைவரில் லாரி இறக்கிக்கொண்டிருக்கும்போதே இன்டரப்ட் வந்து நேரமுத்திரையை எழுதியது. அதற்காகச் சிபியு அந்த 64 பைட் வரி முழுவதையும் கேஷுக்குள் இழுத்தது, பழைய சாம்பிள்களோடு சேர்த்து. கடைசியில் வரியை நினைவகத்தில் திருப்பி எழுதியபோது புதிதாக வந்திருந்த 28-ஐ அழித்துவிட்டது. இடையில் நேரமுத்திரை எழுதப்படாத தொகுப்புகளில் தப்பித்தது. அதனால்தான் "சில நேரம்".

கருவியிடம் ஒப்படைத்த இடத்தைத் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். நான் பஃபரைத் தொடவில்லை. ஆனால் அதே வரியில் இருந்த பக்கத்து வீட்டைத் தொட்டேன். ஒப்பந்தம் வரி கணக்கு, பைட் கணக்கு இல்லை. திருத்தம் ஒரே ஒரு சொல்: பஃபரைத் தனிக் கேஷ் வரியில் தொடங்கச் சொல்லும் குறிப்பு. கெர்னலில் உள்ள எத்தனையோ ஏடிசி டிரைவர்களில் பஃபருக்கு மேலே இதைச் சொல்லும் சின்ன விளக்கம் இருக்கும். அவற்றை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். பார்த்ததற்கும் புரிந்ததற்கும் நடுவில் ஒரு தண்ணீர் லாரி தேவைப்பட்டது. அந்தச் சொல்லைச் சேர்த்து, போர்டில் ஏற்றி, சாயங்காலம் வரை ஓடவிட்டோம். அலை வெண்ணெயில் கோடு போட்ட மாதிரி போனது. சீனியர் அண்ணன் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மாவின் பேரன் இசிஇ படிக்கிறான். அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவனைப் பிடித்து உட்கார வைத்து இத்தனையும் சொன்னேன்.

"அக்கா, இது எங்க மைக்ரோப்ராசஸர் பேப்பர்ல வந்துதே. 8085-ல ஹோல்ட், ஹெச்எல்டிஏன்னு ரெண்டு பின். 8257 டிஎம்ஏ கன்ட்ரோலர். பிளாக் டயகிராம் போடச் சொல்லுவாங்க, 13 மார்க்."

"போட்டியா?"

"போட்டேன். அது இதுதான்னு இப்பதான் தெரியுது."

அவன் சொன்னது உண்மை. நம் ஊர்ப் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு டிஎம்ஏ புதிதல்ல. ஹோல்ட் பின்னில் கருவி "கொஞ்சம் வழிவிடு" என்று கேட்கும், ஹெச்எல்டிஏ பின்னில் சிபியு "விட்டேன்" என்று சொல்லி பஸ்ஸிலிருந்து கையை எடுத்துக்கொள்ளும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது இதே குடும்பத்து 8237 சிப். நாலு சேனல். அதில் ஒன்று நினைவகத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் வேலைக்கே போய்விட்டது, இன்னொன்று ஃபிளாப்பிக்கு. 1984-இல் வந்த ஏடி கணினியில் இரண்டாவதாக ஒரு 8237-ஐச் சேர்த்தார்கள். அந்தப் பழைய பாதையில் முகவரிக்கு 24 பிட்தான், ஆகவே முதல் 16 எம்பிக்கு மேல் எட்டாது. லினக்ஸ் இன்றைக்கும் இன்டெல் வகைக் கணினிகளில் முதல் 16 எம்பியைத் தனி மண்டலமாகப் பெயர் வைத்துப் பிரித்திருப்பதற்கு அதுதான் காரணம். வாசலில் நிற்கும் பழைய திண்ணை மாதிரி. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பாசம்.

எட்டாத கை என்பது பழங்கதையும் இல்லை. வீட்டில் என்னிடம் 4 ஜிபி ராஸ்ப்பெரி பை 4 இருக்கிறது. அந்தச் சிப்பில் உள்ள சில பழைய துணைக்கருவிகளால் முதல் 1 ஜிபிக்கு மேல் நினைவகத்தை எட்ட முடியாது. கெர்னல் என்ன செய்யும்? முதலில் டிரைவரைக் கேட்கும்: உன் கருவியின் கை எத்தனை பிட் நீளம்? இதுதான் டிஎம்ஏ மாஸ்க். எட்டுகிற இடத்திலேயே நினைவகம் ஒதுக்கப் பார்க்கும். 2020 ஜனவரியில் வந்த லினக்ஸ் 5.5-இல் 64 பிட் ஏஆர்எம்முக்கு இப்படி ஒரு தனி மண்டலம் சேர்ந்தது இந்தப் பை 4-க்காகத்தான். எட்டாத இடத்தில் தரவு இருந்தே தீரும் என்றால் அதற்கும் வழி உண்டு. எங்கள் தெருக்கோடியில் சந்துக்குள் இருக்கும் வீட்டுக்கு லாரிக் குழாய் எட்டாது. வாசலில் ஒரு பெரிய டிரம்மை வைத்து அதில் இறக்கி, அங்கிருந்து வீட்டுக்காரர்கள் உள்ளே எடுத்துக்கொள்வார்கள். கெர்னலில் அந்த டிரம்முக்குப் பெயர் எஸ்டபிள்யூஐஓடிஎல்பி. கொஞ்சம் கூடுதல் நகல் வேலை, ஆனால் தண்ணீர் வந்து சேரும். கருவியை "உனக்கு முடியாது, போ" என்று கெர்னல் விரட்டுவதில்லை.

முகவரி விவகாரம் இன்னும் சுவையானது. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண், போதாததற்கு மனை எண். கூரியர்காரர் ஒன்றைக் கேட்பார், கார்ப்பரேஷன்காரர் ஒன்றைக் கேட்பார், பத்திரத்தில் மூன்றாவது இருக்கும். கணினியிலும் அதே கதைதான். நிரல் பார்க்கும் மெய்நிகர் முகவரி, நினைவகத்தின் நிஜ முகவரி, கருவி பார்க்கும் பஸ் முகவரி என்று ஒரே இடத்துக்கு மூன்று எண்கள். சாதாரண இன்டெல் கணினியில் பின்னிரண்டும் ஒன்றாகவே இருந்துவிடுவதால், ஒரு காலத்தில் பலர் நிஜ முகவரியையே கருவியிடம் நீட்டிவிடுவார்கள். வேறு வன்பொருளில் அது உடையும். லினக்ஸை ஸ்பார்க் கணினிகளுக்குக் கொண்டுபோன டேவிட் மில்லர், ஆல்ஃபா கணினிகளில் உழைத்த ரிச்சர்ட் ஹென்டர்சன், இவர்களோடு யாகுப் யெலினெக் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதிய டிஎம்ஏ-ஏபிஐ வழிகாட்டி இன்றும் கெர்னலோடு வருகிறது. அந்தக் கணினிகளில் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் சிப் இருந்தது, எனவே எண்கள் வேறுவேறு என்ற உண்மையை அவர்களால் மறைத்துக்கொள்ள முடியாது. எண் ஒன்றேதான் என்று பழகியவர்கள் உட்கார்ந்து எழுதியிருந்தால் இந்த ஏற்பாடு இவ்வளவு செம்மையாக வந்திருக்காது என்பது என் அசையாத நம்பிக்கை. பிறகு ஜேம்ஸ் பாட்டம்லி அதை பிசிஐ கருவிகளுக்கு மட்டும் என்றில்லாமல் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக்கினார்.

அந்த மொழிபெயர்ப்பாளருக்கு இன்றைய பெயர் ஐஓஎம்எம்யூ. இன்டெல்லில் விடி-டி, ஏஆர்எம்மில் எஸ்எம்எம்யூ. அதை அபார்ட்மென்ட் வாட்ச்மேன் என்று நினைத்துக்கொள்ளலாம். "எந்த ஃபிளாட்? பேர் எழுதியிருக்கா?" என்று பதிவேட்டைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். டிரைவர் மேப் செய்த பக்கங்களை மட்டும்தான் கருவி தொடலாம், அன்மேப் செய்ததும் கதவு சாத்தப்படும். வாட்ச்மேன் இல்லாத கணினியில், வெளியிலிருந்து செருகும் ஒரு கெட்ட கருவி நினைவகம் முழுவதையும் வாசித்துவிடலாம். வாட்ச்மேன் இருந்தும் அவரைச் சரியாக வேலை வாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2019-இல் கேம்பிரிட்ஜ், ரைஸ் பல்கலைக்கழகங்களும் எஸ்ஆர்ஐ நிறுவனமும் சேர்ந்து தண்டர்கிளாப் என்ற ஆய்வில் காட்டினார்கள். இன்னொரு அற்புதமும் இந்த வாட்ச்மேன் செய்வார். நினைவகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக்கிடக்கும் பக்கங்களைக் கருவியின் கண்ணுக்கு ஒரே நீளமான வராண்டாவாகக் காட்டிவிடுவார்.

இந்த வேலையில் நம் நாட்டவர்களின் கை எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. உங்கள் மொபைலில் வீடியோ எடுக்கிறீர்கள். கேமரா பிடித்த படத்தை ஜிபியு திருத்தி, திரை காட்டுகிறது. மூன்றும் வெவ்வேறு கருவிகள், வெவ்வேறு டிரைவர்கள். ஒவ்வொரு இடத்திலும் படத்தை நகல் எடுத்தால் பேட்டரி என்னாவது? ஒரே நினைவகத் துண்டை மூவரும் கைமாற்றிக்கொள்ளும் டிஎம்ஏ-பஃப் என்ற ஏற்பாடு 2012 மார்ச்சில் லினக்ஸ் 3.3-இல் நுழைந்தது. அதைக் கொண்டுவந்து பல ஆண்டுகளாகப் பராமரித்தும் வருபவர் சுமித் செம்வால், இந்தியர். என் பீகிள்போனின் ஈடிஎம்ஏ உட்பட அத்தனை டிஎம்ஏ கன்ட்ரோலர்களையும் ஒரே குடையின் கீழ் நிறுத்தும் டிஎம்ஏஎன்ஜின் பகுதியைப் பராமரிப்பவர் வினோத் கவுல், அவரும் இந்தியர். காட்டுப்பாக்கத்தில் நான் எடுக்கும் ஒவ்வொரு சாம்பிளும் அவர் கண்காணிக்கும் வாசல் வழியாகத்தான் வருகிறது!

இன்னும் பக்கத்தில் வாருங்கள். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் காமகோடியின் குழு ரிஸ்க்-5 கட்டமைப்பில் சக்தி ப்ராசஸரை உருவாக்கியது. 2018-இல் வந்த ரைஸ்கிரீக் சிப்பில் லினக்ஸ் பூட் ஆனது. அந்த ரிஸ்க்-5 உலகில் நான் இப்போது சொன்ன டேங்க்-சம்ப் சிக்கல் பெரிதாகவே இருந்தது. ஒரு கேஷ் வரியைத் துடை, எழுது என்று சிபியுவிடம் சொல்ல எல்லோருக்கும் பொதுவான கட்டளையே தொடக்கத்தில் கிடையாது. ஸிக்பாம் என்ற நீட்சியில் அந்தக் கட்டளைகள் வரையறுக்கப்பட்டு, 2022-இல் லினக்ஸ் 6.0 அவற்றைக் கையாளத் தொடங்கியது. அப்போதும் டிரைவர் எழுதுகிறவர்கள் ஒரு வரியும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. மேப், அன்மேப், ஒத்திசை. அதே மூன்று சொற்களுக்கு அடியில் புதிய கட்டளைகள் போய் உட்கார்ந்துகொண்டன. உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், வாசல் படி மாறாது. கட்டினால் இப்படிக் கட்ட வேண்டும்.

இதைப் பழகிக்கொள்ள விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். பல் விழுந்த பிறகு நான் ஆசைப்பட்டு இன்னொரு சின்ன டிரைவர் எழுதினேன், டிஎம்ஏ மூலம் நினைவகத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகல் எடுப்பதற்கு. எழுதும் முன் கெர்னலில் டிஎம்ஏ ஏபிஐ டீபக் என்ற வசதியைப் போட்டு பில்ட் செய்துகொண்டேன். யோர்க் ரோடல் எழுதி 2009-இல் கெர்னலில் சேர்ந்தது. மேப் செய்தது வெற்றியா என்று பார்க்காமல் நான் முகவரியைப் பயன்படுத்தியதை முதல் ஓட்டத்திலேயே கண்டுபிடித்து லாகில் எழுதிவிட்டது. வேறு அளவில் விடுவித்தால் சொல்லும், ஸ்டாக்கில் இருக்கும் பஃபரை மேப் செய்தால் சொல்லும், விடுவிக்க மறந்தால் சொல்லும். கணக்கு டீச்சர் பக்கத்தில் நின்று, தப்பான வரியில் விரல் வைக்கிற மாதிரி. டிரைவர் எழுதப் பழகுகிற யாரும் இதைப் போடாமல் ஆரம்பிக்காதீர்கள்.

ஹவுஸ் ஓனர் அம்மாவின் பேரன் இப்போது என் பழைய பீகிள்போனை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். போன வாரம் மாடிப்படியில் பிடித்து நிறுத்தி, "அக்கா, டிஸ்கிரிப்டர் ரிங்குக்கு மட்டும் ஏன் டிஎம்ஏ_அலாக்_கோஹெரண்ட்? அதையும் மேப் பண்ணிக்கலாமே?" என்று கேட்டான். கேள்வியிலேயே அவன் எவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்று தெரிந்தது. சிபியுவும் கருவியும் ஓயாமல் மாறி மாறித் தொடும் சின்னத் துண்டு அது. ஒவ்வொரு தடவையும் கை மாற்றிக்கொண்டிருந்தால் மாற்றுவதிலேயே பொழுது போய்விடும். அதனால் இருவரும் எப்போதும் ஒரே நிலையைப் பார்க்கும்படி தொடக்கத்திலேயே தனியாக ஒதுக்கிக்கொள்கிறோம். எங்கள் மொழியில் சொன்னால் மாடி டேங்க் வழியே போகாத, சம்ப்பிலிருந்து நேரே வரும் அடிபம்ப்.

"அப்ப எல்லாத்துக்கும் அடிபம்ப் வச்சுடலாமே?"

"வை. 12,000 லிட்டரையும் அடிச்சே எடு."

சிரித்துக்கொண்டே ஓடினான்.

கல்லூரியில் 8257-க்குப் படம் போட்டு மார்க் வாங்கிய தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான் இது. லினக்ஸ் கெர்னலை இறக்கிக்கொள்ளுங்கள், காசு கிடையாது. டாக்குமென்டேஷன் என்ற கோப்புறையில் கோர்-ஏபிஐ பகுதிக்குள் டிஎம்ஏ-ஏபிஐ-ஹவ்டூ என்ற கோப்பு இருக்கிறது. ஒரு சாயங்காலம் போதும், படித்து முடித்துவிடலாம். அதைப் படித்துவிட்டு உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு டிரைவரைத் திறந்து, மேப் எங்கே, அன்மேப் எங்கே என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். இன்றைக்கே ஆரம்பியுங்கள்.